அது கன்றுக்குட்டியின் வேலை

தொப்புள்கொடி வாங்குவது என் வேலை. பிரசவ வார்டு வாசலில் ஐஸ் பெட்டியோடு நிற்கும் ஆள் நான்தான். என்னை ஐஸ்கிரீம்காரன் என்று நினைத்து, “வெண்ணிலா இருக்கா?” என்று கேட்ட புது அப்பாக்கள் இரண்டு பேர். குழந்தை பிறந்ததும் குப்பைக்குப் போகிற கொடியை, தாயிடம் முன்னாலேயே கையெழுத்து வாங்கிக்கொண்டு, எங்கள் ஆய்வகத்துக்கு எடுத்துப்போவேன். தாய் சுலபமாகக் கையெழுத்துப் போட்டுவிடுவாள். தகராறு மாமியாரிடம்தான்.

“கொடியை நீங்க கொண்டுபோயிட்டா தாயத்துல எதைப் போடுறது?”

“அம்மா, தாயத்துக்குள்ள போடுறது குழந்தை வயித்துல ஒட்டியிருக்கிற துண்டு. காஞ்சு தானா விழும். அது உங்களுக்கு. மிச்சம்தான் எனக்கு.”

“உங்களுக்கு எதுக்குங்க? சின்ன வயசுல உங்களுக்குத் தாயத்து கட்டலையா?”

“கட்டலைங்க. அதான் இப்படி அலையறேன்.”

அவர்கள் சிரித்துவிட்டால் கொடி பெட்டிக்குள் வந்துவிடும். இருபது வருஷமாக நான் செய்துவரும் ஆராய்ச்சியில் எனக்கு நிஜமாகவே கைவந்தது இந்த ஒரு பகுதிதான்.

கொடிக்குள்ளே கொழகொழவென்று ஒரு பொருள் இருக்கும். அதில் ஸ்டெம் செல்கள் இருக்கின்றன. என்னவாக ஆவது என்று இன்னும் முடிவு செய்யாத செல்கள். நாற்பத்தாறு வயதில் என்னைப் போல. அவற்றைக் கிண்ணத்தில் வளர்த்தால் சும்மா இருக்காது. கண்ணுக்குத் தெரியாத குமிழிகளை வெளியே அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு குமிழிக்குள்ளும் பக்கத்துச் செல்லுக்கு ஏதோ சேதி, ஏதோ சாமான். செல்லையே கொடுக்காமல் அந்தக் குமிழிகளை மட்டும் பிரித்துக் கொடுத்தால் நோய்க்கும் முதுமைக்கும் ஏதாவது நடக்குமா? ஆய்வகத்தை நடத்தும் எங்கள் மேடம் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி இது.

இதை என் அண்ணனுக்கு விளக்கியபோது அவர் பாதியிலேயே கையைக் காட்டினார்.

“இன்ஜின் வராது. சரக்கு மட்டும் வரும். அவ்வளவுதானே? வேகன்னு சொல்லேன்டா. அதுக்கு எதுக்கு அரை மணி நேரம்?”

அண்ணன் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். எங்கள் வீட்டில் அசல் ஜோக்கர் அவர்தான்; நான் ஜெராக்ஸ். அதற்கு முந்தைய வருஷம் அவர் கையிலிருந்து ஸ்பேனர் நழுவ ஆரம்பித்தது. பிறகு சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. தசையை அசைக்கச் சொல்லும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வருகிற நோய் என்றார் டாக்டர். மருந்து இருக்கிறதா என்று கேட்டோம். வேகத்தைக் கொஞ்சம் குறைக்கலாம் என்றார். அண்ணன் வெளியே வந்து, “பாசஞ்சரா போகலாங்கிறாரு. ஸ்டேஷன் என்னவோ அதேதான்,” என்றார். அண்ணி அவர் தோளில் ஓர் அடி வைத்தார்.

அந்தச் சமயத்தில்தான் என் கிண்ணத்தில் அதிசயம் நடந்தது.

வயதாகிப் பெருகுவதை நிறுத்திவிட்ட தோல் செல்களுக்கு ஒரு சாயம் ஊற்றினால் நீலமாகிவிடும். நீலம் என்றால் கிழம். அந்தக் கிழங்களுக்கு எங்கள் குமிழிகளைக் கொடுத்து, சில நாள் கழித்துச் சாயம் ஊற்றினேன். நீலம் பாதிக்குமேல் காணோம். மைக்ராஸ்கோப்பை விட்டு எழுந்து ஒரு சுற்று நடந்துவிட்டு வந்து மறுபடி பார்த்தேன். காணோம்தான். மேடத்திடம் காட்டுவதற்கு முன்னால் போனில் படம் எடுத்தேன். அன்று சாயங்காலமே காவிரிப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கத்துக்கு வண்டியை விரட்டினேன்.

“இடது பக்கம் கிழவன். வலது பக்கம் அதே கிழவன், நம்ம வேகன் வந்து சேர்ந்ததுக்கு அப்புறம்.”

அண்ணன் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். அப்போதே பேச்சு குழறத் தொடங்கியிருந்தது. அண்ணிக்கும் எனக்கும்தான் முழுசாகப் புரியும்.

“எனக்கு எப்போடா?”

இந்த இடத்தில் ஒரு நேர்மையான மனிதன் என்ன சொல்லியிருப்பான்? அண்ணே, இது தோல் செல், உங்களுக்குப் போனது நரம்பு. இது கிண்ணம், நீங்க மனுஷன். நடுவில் எலி இருக்கு, அனுமதி இருக்கு, எத்தனையோ வருஷம் இருக்கு. எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் ஒரு வருஷத்துக்குப் பிறகு அந்த முகத்தில் ஒரு வெளிச்சம். “வரிசையில முதல் ஆளு நீங்கதான்,” என்றேன். அவர் அந்தப் படத்தைத் தன் போனின் முகப்பில் வைத்துக்கொண்டார். பேத்தியின் படத்தை எடுத்துவிட்டு.

அடுத்த மாதம் விழுங்குவது கஷ்டமாகிவிட்டது. ரசம் சாதத்தைக் கூழாகக் கரைத்துக் கொடுத்தாலும் புரை ஏறியது. வயிற்றில் சின்னதாகத் துளை போட்டு ஒரு குழாய் வைத்துவிடலாம் என்றார் டாக்டர். “மூச்சு நல்லா இருக்கும்போதே வெச்சுடணும். தள்ளிப்போடாதீங்க. அப்புறம் மயக்க மருந்து கொடுக்கவே யோசிக்க வேண்டியிருக்கும்.”

அண்ணன் மாட்டேன் என்றுவிட்டார்.

“தம்பியோட வேகன் வந்துட்டா தொண்டை சரியாயிடும். எதுக்கு வீணா வயித்துல ஓட்டை போட்டுக்கணும்?”

அண்ணி என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டார். “நீங்க சொன்னா கேப்பார் தம்பி. கொஞ்சம் சொல்லுங்க.”

“சொல்றேன் அண்ணி,” என்றேன். சொல்லவும் செய்தேன், என் பாணியில். “போட்டுக்கங்கண்ணே, பெட்ரோல் பங்க் மாதிரி நேரா டேங்க்ல ஊத்திடலாம்.” சிரித்தார். மறுத்துவிட்டார். கடமை முடிந்தது என்று நான் கிளம்பிவிட்டேன்.

அந்த வாரம்தான் மேடம் ஒரு சின்ன விஷயம் கேட்டார். “ஸ்டெம் செல்லே போடாத வெறும் ஊட்ட நீரை வெச்சும் இதே டெஸ்ட் பண்ணிட்டீங்களா?”

பண்ணவில்லை. பண்ணினேன். வெறும் நீரிலிருந்து பிரித்ததைக் கொடுத்த கிண்ணத்திலும் நீலம் பாதிக்குமேல் காணோம்.

ஊட்ட நீர் என்பது செல்லுக்குப் போடும் தீனி. அதில், கருவிலிருக்கும் கன்றுக்குட்டியின் ரத்தத்திலிருந்து எடுத்த சீரம் கலந்திருக்கும். அந்தச் சீரத்திலும் குமிழிகள் உண்டு, கன்றுக்குட்டியின் குமிழிகள். அவற்றை நீக்கப் பதினெட்டு மணி நேரம் மெஷினில் அசுர வேகத்தில் சுற்றவிட வேண்டும். நான் சுற்றவிட்டுத்தான் இருந்தேன். காலையில் பட்டனைத் தட்டிவிட்டு அண்ணனை மூச்சுப் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மறுநாள் வந்து பார்த்தபோது மெஷின் நின்று பூஜ்யம் காட்டியது. முடிந்துவிட்டது என்று பாட்டிலை எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்தேன்.

இப்போது மெஷினின் பழைய பதிவைத் தட்டிப் பார்த்தேன். நாற்பது நிமிஷம் ஓடியிருக்கிறது. அன்று எங்கள் பகுதியில் பராமரிப்பு மின்தடை. பேப்பரில் முதல் நாளே பட்டியல் போட்டிருந்தார்கள். நான் பேப்பரில் ராசிபலன் மட்டும் படிக்கிறவன். கரண்ட் திரும்ப வந்தால் லைட் எரியும், ஃபேன் சுற்றும். அந்த மெஷின் மட்டும் ஆள் வந்து தொடாமல் ஓடாது.

ஆக, என் கிழங்களை இளமையாக்கியது திருச்சித் தாய்மார் கொடுத்த கொடி இல்லை. எந்த ஊரோ தெரியாத ஒரு கன்றுக்குட்டி.

மேடத்திடம் உடனே சொன்னேன். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்து, “முதல்லேர்ந்து போடுங்க,” என்றார். அவ்வளவுதான்.

அண்ணனிடம் சொல்ல மூன்று வாரம் ஆனது.

தினமும் சொல்லத்தான் போனேன். பாலத்தின் மேல் வண்டி ஓட்டும்போது வாக்கியமெல்லாம் தயாராக இருக்கும். வாசலில் செருப்பைக் கழற்றியதும், “வேகன் எங்கே நிக்குது?” என்று கேட்பார். “சிக்னல் கிடைக்கலை,” என்பேன். அவர் சிரிப்பார், நானும் சிரிப்பேன். திரும்பி வரும்போது பாலத்தின் மேல் அதே வாக்கியங்கள். இப்படியே ஒரு வாரம், இன்னொரு வாரம். அவர் கன்னம் ஒட்டிக்கொண்டே போனது.

ஒரு ஞாயிறு மதியம் அவருக்குப் புரை ஏறியது. முகம் கறுத்து, கண் பிதுங்கி, அண்ணி முதுகைத் தட்டத் தட்ட மூச்சு வெகுநேரம் கழித்துத்தான் திரும்பியது. துண்டால் அவர் வாயைத் துடைத்துக்கொண்டே சொல்லிவிட்டேன். மின்தடை, நாற்பது நிமிஷம், கன்றுக்குட்டி, எல்லாவற்றையும்.

“கன்னுக்குட்டியா?” என்றார்.

“ஆமாண்ணே.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் ஒரு நொடி வந்தது. பிறகு அவர் கேட்டார்.

“உனக்கு எப்போ தெரியும்?”

“மூணு வாரமாச்சு.”

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் மடியிலிருந்த போனை எடுத்தார். முகப்புப் படத்தை மாற்றப் பார்த்தார், விரல் நிற்கவில்லை. இரண்டு முறை முயன்றுவிட்டு என் பக்கம் நீட்டினார்.

“நீயே எடுத்துடு.”

பேத்தியின் படத்தைத் தேடி வைத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, “குழாய் போட்டுக்கறேன். நாளைக்கே போகலாம்,” என்றார்.

மறுநாள் மூச்சை அளந்து பார்த்த டாக்டர், தாளை இரண்டு தரம் படித்தார். இந்த மூச்சுக்கு மயக்கம் கொடுப்பது ஆபத்து, மூக்கு வழியாகக் குழாய் விட்டுக்கலாம் என்றார். போன மாதம் வந்திருந்தால்? “அதெல்லாம் இப்போ எதுக்குங்க,” என்றார். நல்ல மனிதர்.

மூக்குக் குழாயோடு நான்கரை மாதம் இருந்தார். தொண்டையில் உறுத்தல், இருமல், தூக்கமில்லை. கஞ்சியை சிரிஞ்சில் எடுத்து நான் மெல்ல ஊற்றுவேன். வேகனைப் பற்றி அவர் அப்புறம் கேட்கவே இல்லை. பேச்சு போகும்வரை மற்ற எல்லாவற்றையும் கேட்டார்: ஒர்க்‌ஷாப்பில் யார் ரிடையர் ஆனது, காந்தி மார்க்கெட்டில் மாம்பழம் வந்துவிட்டதா. அந்தப் பக்கமே போகாமல் என்னைக் காப்பாற்றினார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சீரத்தை ஒழுங்காகச் சுற்றி எல்லாவற்றையும் மறுபடி செய்தோம். கொடிக் குமிழிகளுக்கு நீலம் கொஞ்சம் குறைகிறது. கொஞ்சம்தான். மேடம் அந்தக் கொஞ்சத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார். அண்ணன் அதற்குள் போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகு, அண்ணி கூடத்தில் இலைகளை எடுத்துக்கொண்டிருந்தார். நிமிராமலே கேட்டார்.

“அந்த மூணு வாரம் முன்னாடியே சொல்லியிருந்தீங்கன்னா, குழாய் போட்டுக்கிட்டிருப்பாரா தம்பி?”

எதற்கும் ஒரு ஜோக் வைத்திருக்கிறவன் நான். “யாருக்குத் தெரியும் அண்ணி” என்று சொல்லியிருக்கலாம். டாக்டரும் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

“போட்டுக்கிட்டிருப்பார் அண்ணி,” என்றேன்.

அவர் கையிலிருந்த இலைகளை மடித்துக் கூடையில் போட்டார். கை கழுவிவிட்டு வந்தார்.

“நீங்க இன்னும் சாப்பிடலை. உக்காருங்க.”

உட்கார்ந்தேன். சோறு வைத்தார், குழம்பு ஊற்றினார். பிசைந்து ஒரு வாய் வைத்துக்கொண்டேன். அண்ணி எதிரில் நின்று நான் விழுங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.