ஆப்பை எடுத்தால் ஓடும்

போன ஞாயிற்றுக்கிழமை என் மகளைத் திருவனந்தபுரத்தில் பழைய எந்திரங்கள் வைத்திருக்கும் காட்சிக்கூடத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். நெல் குத்தியது, கரும்பு பிழிந்தது, தண்ணீர் இறைத்தது என்று வரிசையாக நிற்கின்றன. நடுவில் பச்சைப் பெயிண்டும் சிவப்புக் கோடுமாக ஒரு நீராவி எஞ்சின். நெருப்பும் கிடையாது, நீராவியும் கிடையாது. பொத்தானை அமுக்கினால் எங்கோ ஒளித்து வைத்த கரண்ட் மோட்டார் பெரிய சக்கரத்தைச் சுற்றுகிறது. மகள் நாலு தடவை அமுக்கினாள். மலைத்தோட்டம் ஒன்றிலிருந்து மிக நல்ல நிலையில் கிடைத்ததாகப் பலகையில் எழுதியிருந்தார்கள். கிடைத்ததாம்! வழியில் கிடந்ததைப் பொறுக்கி வந்தவர்கள் மாதிரி.

அதைக் காட்டிக்கொடுத்தவள் நான். அப்போது எனக்கு ஏழு வயது.

போனக்காட்டு மலைப்பக்கம் ஒரு சின்னத் தேயிலைத் தோட்டம். திருநெல்வேலிப் பக்கமிருந்து கொழுந்து பறிக்க வந்தவர்களின் நாற்பது குடும்பங்கள், ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளில் இருந்தோம். அப்பாவுக்கு பேக்டரியில் எஞ்சின் வேலை. மலையில் கரண்ட் போகிற நாட்களில் அந்த எஞ்சின்தான் இலை உருட்டும். எனக்கு நினைவு தெரியுமுன்பே முதலாளி பேக்டரியைப் பூட்டிவிட்டார். அப்பாதான் எஞ்சினை விடவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் போய், சக்கர விளிம்பிலுள்ள துளையில் கடப்பாரையைச் செருகி, நெம்பிக் கால் சுற்று நகர்த்திவிட்டு வருவார். ஒரே இடத்தில் நின்றால் உள்ளே துருவேறி இறுகிவிடும். எண்ணெய்க் கிண்ணத்தோடு பின்னால் போவது என் உத்தியோகம். கம்பெனி எண்ணெய் தீர்ந்தபின் வீட்டுத் தேங்காயெண்ணெய் போயிற்று.

“பிள்ள தலைக்கு எண்ணெ இல்ல, இரும்புக்கு அபிஷேகம் நடக்குது” என்பாள் அம்மா.

லயத்துச் சனங்கள் முறை வைத்து பேக்டரி வாசலில் காவல் இருந்தார்கள். அதற்குத் தலைவி மாதிரி என் அத்தை, அப்பாவின் அக்காள். “மிஷின் உள்ள கெடந்தா என்னைக்காவது ஒருத்தன் வாங்கித் தொறப்பான். மிஷின் போச்சுன்னா நாலு செவருதான் மிச்சம்” என்பாள்.

காட்சிக்கூடத்துக்காரர் வரப்போகிறார், முதலாளி எஞ்சினைக் கொடுக்கச் சம்மதித்துவிட்டார் என்று செய்தி வந்தது. ஆனால் சுழலாத எந்திரம் அவருக்கு வேண்டாமாம். இறுகிப் போய்விட்டது என்று சொல்லி அனுப்பிவிடலாமென்று பெரியவர்கள் கூடிப் பேசி முடிவு செய்தார்கள். முந்தின நாள் அப்பா சக்கரத்தின் அடியில், கண்ணில் படாத இடமாக, ஒரு மர ஆப்பை வைத்து இறுக்கினார். எதற்கு என்று கேட்டேன். சக்கரம் நகராமல் இருக்க என்றார். அதற்கு மேல் என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. பிள்ளைகளிடம் எதைத்தான் சொல்வார்கள்?

காட்சிக்கூடத்துக்காரர் வெள்ளைச் சட்டையும் இரண்டு ஆட்களுமாக வந்தார். அவர்களோடு அப்பா மட்டும் உள்ளே போனார். அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நானும் நுழைந்துவிட்டேன். ஆட்கள் இருவரும் சக்கரத்தைத் தள்ளிப் பார்த்தார்கள். அசையவில்லை.

“இத்தற நல்ல சாதனம்! துருப்பிடிக்க விட்டுட்டாங்களே. ஒரு துள்ளி எண்ணெ விட இங்க ஆளில்ல, கேட்டோ” என்றார் வெள்ளைச் சட்டை, மலையாளம் கலந்த தமிழில்.

அப்பா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். என்னால் பொறுக்க முடியவில்லை.

“பொய்! எங்கப்பா வெள்ளிக்கிழம தவறாம எண்ணெ விடுவாங்க. கீழ ஆப்பு இருக்கு. அத எடுத்தா ஓடும்!”

எடுத்தார்கள். அப்பாவின் கடப்பாரையையே செருகி நெம்பினார்கள். சக்கரம் சத்தமே இல்லாமல் கால் சுற்று வந்தது. ஆப்பைப் பிடுங்கின குரங்கு தன் வாலைத்தான் நசுக்கிக்கொண்டது. நான் நாற்பது வீட்டை நசுக்கினேன். வெள்ளைச் சட்டை என் கன்னத்தைத் தட்டி, “மிடுக்கி மோளே!” என்று என் கெட்டிக்காரத்தனத்தை மெச்சி ஒரு மிட்டாய் கொடுத்தார். அப்பா என்னைப் பார்க்கவில்லை. பாராட்டைக் கேட்டு வெட்கப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

வெளியே வந்ததும் வெள்ளைச் சட்டை, எஞ்சின் நன்றாகச் சுழல்கிறது, அடுத்த வாரம் லாரி வரும் என்று சிரித்தபடியே சொன்னார். அத்தை அப்பாவின் முன்னால் வந்து நின்றாள்.

“எவம்லே ஆப்பக் காட்டுனது?”

“நாந்தான்க்கா. மனசு கேக்கல.”

அத்தை அவர் காலடியில் காறித் துப்பினாள். அதன்பின் எங்கள் வாசலை அவள் மிதிக்கவே இல்லை. அப்பா செத்ததற்கும் வரவில்லை. லாரி போலீசோடு வந்தது. குறுக்கே படுத்த பெண்களைத் தூக்கி ஓரத்தில் போட்டுவிட்டு எஞ்சினை ஏற்றிப் போனார்கள். அடுத்த மழைக்குள் லயத்தில் பாதி வீடு காலி. சிலர் விழிஞ்ஞத்தில் கல் சுமக்கப் போனார்கள், சிலர் ஆரியசாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்கப் போனார்கள்.

ஆனால் வெள்ளைச் சட்டை வந்து போன அன்று எனக்கு வந்த கோபம் வேறு. கண்டுபிடித்துச் சொன்னது நான், பெயரைத் தட்டிக்கொண்டு போனது அப்பா. இது என்ன நியாயம்? குழாயடியில் பெண்களோடு நின்ற அம்மாவிடம் ஓடினேன்.

“அம்மா, அப்பா பொய் சொல்லுதாங்க! ஆப்பக் காட்டுனது...”

அம்மா குடத்தைப் போட்டுவிட்டு என் வாயைப் பொத்தினாள். வீட்டுக்குள் இழுத்துப் போய் முதுகில் இரண்டு வைத்தாள். அப்பா வந்து தடுத்தார்.

“விடு, பிள்ளைக்கு என்ன தெரியும்.”

ஏன் என் பெயரைச் சொல்லவில்லை என்று அவரிடம் அழுதுகொண்டே கேட்டேன். அடி விழுந்த முதுகைத் தடவிவிட்டார். மூன்று நாள் நான் அப்பாவோடு பேசவில்லை. அந்த மூன்று நாளும் லயத்தில் வேறு ஒருவரும் அவரோடு பேசவில்லை என்பது எனக்குத் தெரியாது.