அப்பா அளந்து பார்த்த இரண்டு கார்கள்

அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் எதை எழுதலாம், எதை விடலாம் என்று வீட்டில் நிறையப் பேச்சு நடந்தது. நான் இதை எழுதுவதில் அம்மாவைத் தவிர யாருக்கும் சம்மதமில்லை.

மருங்காபுரியில் பிறந்து, பகலில் வேலையும் மாலையில் படிப்புமாக டிப்ளமோ முடித்து, கைலாசபுரம் தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக ஓய்வுபெற்றவர் அப்பா. அளந்து பார்க்காமல் எதிலும் கையெழுத்திட மாட்டார். தம்பியை, அதாவது எங்கள் சித்தப்பாவை, படிக்க வைத்து ஆளாக்கியவரும் அவரே. ஓய்வுக்குப் பின் ஸ்ரீரங்கத்தில் குடியேறினோம்.

அப்பாவிடம் பழைய பத்மினி கார் இருந்தது, சித்தப்பாவிடம் அம்பாசிடர். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து, வாரம் மூன்று நாள் தில்லை நகருக்குப் பிசியோதெரபிக்கு அழைத்துப் போக வேண்டியிருந்தது. பத்மினியில் அவரை ஏற்றி இறக்குவது பெரும்பாடாகிவிட்டது. சித்தப்பாதான் சொன்னார்:

"என் வண்டிய வச்சுக்குங்கண்ணே. அண்ணி காலை நீட்டியே உக்காரலாம். உங்க வண்டிய எனக்குக் குடுங்க."

அப்பா இரண்டையும் வாசலில் அடுத்தடுத்து நிறுத்தி, டேப்பும் நோட்டுமாக இறங்கிவிட்டார். பத்மினிக்கு ஆயிரத்துச் சொச்சம் சிசி. லிட்டருக்குப் பதினாலு கிலோமீட்டர். சித்திரை வீதி நெரிசலிலும் லேசாகத் திரும்பும். அம்பாசிடருக்கு ஆயிரத்து எண்ணூறு சிசி. மேம்பாலத்தில் மூச்சு வாங்காது, ஆனால் பெட்ரோல் குடிக்கும், ஸ்டியரிங் கனம். பின்சீட்டின் அகலம், கதவுத் திறப்பு, சீட்டின் உயரம் ஆகியவற்றில் அம்பாசிடரே மேல். அவற்றை அடிக்கோடிட்டார். ஒன்றை மட்டும் வாயால் கேட்டார்.

"எங்கயாவது அடிபட்டிருக்காடா?"

"ஒரு கீறல்கூட இல்லண்ணே."

அப்பா வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்கவில்லை.

வண்டிகளை மாற்றிக்கொண்ட மூன்றாவது வாரம், காவிரிப் பாலத்தில், முன்பக்கம் ஏதோ முறிந்து வண்டி ஒருபக்கமாக இழுத்துக்கொண்டு போய் நடைபாதைத் திட்டில் மோதியது. பின்சீட்டிலிருந்து அம்மா கீழே சரிந்தார். பக்கத்தில் இருந்த என்னால் பிடிக்க முடியவில்லை. எலும்பு முறியவில்லை. ஆனால் அன்றிலிருந்து எந்தக் காரிலும் ஏற மறுத்துவிட்டார். ஊன்றுகோலுடன் எடுத்துவைத்த நாலைந்து அடிகளும் அந்த மாதத்தோடு நின்றுபோயின.

மெக்கானிக் வண்டியைத் தூக்கிக் காட்டினார். முன்சக்கரத்தைத் தாங்கும் பகுதி முன்பே ஒரு விபத்தில் உடைந்திருக்கிறது. வெல்டு வைத்து, மேலே கறுப்புப் பெயின்ட் அடித்து மறைத்திருந்தார்கள்.

சித்தப்பா வந்தார். "வெல்டு தாங்கும்னுதான் சொன்னாங்கண்ணே."

"தாங்கும்னு நீ நம்பியிருந்தா எங்கிட்ட சொல்லியிருப்பேடா," என்றார் அப்பா.

வண்டியைத் திருப்பிக் கேட்கவும் வழியில்லை. பத்மினியை அதற்குள் சித்தப்பா விற்றுவிட்டிருந்தார்.

அப்பா உறவை முறிக்கவில்லை. விசேஷங்களில் தம்பிக்குப் பக்கத்து இலையில்தான் உட்கார்ந்தார். ஆனால் 'எந்தம்பி சொன்னான்' என்று எதையும் பேசத் தொடங்குவது மட்டும் அவரிடம் நின்றுபோயிற்று.

வீட்டுக்கே வந்து அம்மாவுக்குப் பயிற்சி கொடுத்த பிசியோதெரபிஸ்ட் சகோதரிக்கும், அப்பாவின் கடைசி வாரங்களில் மருத்துவமனையில் முறைவைத்துத் துணையிருந்த கைலாசபுரம் நண்பர்களுக்கும் நாங்கள் கடமைப்பட்டவர்கள். மருந்துக்காக வெயிலில் அலைந்த சித்தப்பாவுக்கும்தான். அதை மறைக்க மாட்டேன்.

அந்த நாள்களில் ஒரு முறை அவர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னை மன்னிச்சிட்டீங்களாண்ணே?" என்று கேட்டார்.

அப்பா கையை விலக்கவில்லை. "உன் அண்ணிகிட்ட போய்க் கேளு," என்றார்.

சித்தப்பா இன்னும் கேட்கவில்லை. அம்மா முன்னறையில்தான் இருக்கிறார். பகலெல்லாம் கதவு திறந்தே இருக்கிறது.