பையனுக்கென்று பார்த்த டிவி

எங்களுக்குப் பிள்ளை இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்று அந்தக் கடையில் சொல்லாமல் விட்டதால் வந்த வினைதான் எல்லாம்.

எங்கள் தீவின் ஹட் பேயிலிருந்து கப்பலில் போர்ட் பிளேருக்கு நானும் கணவரும் டிவி வாங்க வந்திருந்தோம். டிவி எனக்கு. நான் பள்ளி அலுவலகத்தில் கிளார்க், வயது முப்பத்தெட்டு, வீடியோ கேம் ஆடுகிறவள். மெயின்லேண்டுக்கு வேலைக்குப் போன தம்பி விட்டுச்சென்ற கேம் பெட்டியில் தொடங்கியது. சென்னையில் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்துவிட்டு, இனிப் போவதில்லை என்று முடிவு செய்த வருடம் அது. கார் ஓட்டும் ஆட்டத்தில் வளைவு வரும்போது வேறெதையும் நினைக்க முடியாது. எனக்கு அது மருந்தாக இருந்தது. வெளியே மட்டும் சொல்லக் கூடாது என்பார் கணவர். "ஊர் சிரிக்கும்" என்பார்.

பழைய டிவி உப்புக்காற்றில் போய்ச் சேர்ந்துவிட்டது. புதிதாக வாங்குவதில் எனக்கு ஒரே பயம்தான். சில டிவிகளில் படம் அருமையாக இருக்கும். ஆனால் பட்டனை அமுக்கிக் கொஞ்சம் கழித்துத்தான் கார் திரும்பும். அதற்குள் சுவரில் மோதியிருக்கும். டிவி வரும் அட்டைப்பெட்டியின் மேல் இதையெல்லாம் எழுத மாட்டார்கள். கப்பலில் ஏற்றிக் கொண்டுபோன பிறகு சரியில்லை என்று திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை. அன்று திரும்பும் கப்பலுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. கேம் ஆட ஒரு டிவி வேண்டும் என்று கடையில் கேட்டேன்.

"கேம் ஆடவா? பச்சாவுக்கா சார்?" என்றார் கடைக்காரர். ராமநாதபுரத்துக் குடும்பம், பிறந்து வளர்ந்தது இங்கே.

"ஆமா, பையனுக்கு" என்றார் என் கணவர்.

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"எத்தனாவது படிக்கிறான்?"

"அஞ்சாவது."

"பக்கா கேம் பைத்தியமோ?"

"அதையேன் கேக்குறீங்க! புத்தகத்தத் தொடவே மாட்டேங்கிறான்."

இல்லாத பிள்ளையைப் பெற்றதுமல்லாமல் அவனைக் குறைவேறு சொல்கிறாரே!

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவருடையது எட்டு நிமிடம்கூடத் தாங்கவில்லை. எங்கள் கைக்கு எட்டும் விலையில் கடையில் இரண்டே டிவி இருந்தன. ஒன்று ஐம்பது இன்ச், இன்னொன்று நாற்பத்துமூன்று. கணவரின் கண் பெரியதிலேயே இருந்தது. எதில் கார் உடனே திரும்பும் என்று நான் கேட்டேன்.

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "சச் போல்னா, உண்மையில எனக்குத் தெரியாது மேடம். டெமோ பெட்டி ஒண்ணு இருக்கு, மாட்டித் தரேன். பையனக் கூட்டிட்டு வாங்க. கைல குடுத்தா தோ மினிட், ரெண்டே நிமிஷத்துல சொல்லிருவான்."

"அவன் வரல" என்றார் கணவர் அவசரமாக. "பெருசையே பேக் பண்ணுங்க."

"மாட்டுங்க, நான் பாக்குறேன்" என்றேன்.

"வேணாம். கெளம்பு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. அதற்குள் கடைக்காரர் டெமோ பெட்டியை மாட்டிவிட்டார். கன்ட்ரோலரை எடுத்தால் கணவரின் பொய் உடையும். எடுக்காவிட்டால் மோதுகிற டிவியோடு நான் பல வருடம் குடித்தனம் நடத்த வேண்டும். எடுத்தேன்.

பெரிய டிவியில் முதல் வளைவிலேயே மோதினேன். அடுத்ததில் முன்கூட்டியே திருப்பியும் மோதினேன். சின்னதில் படம் வெளிறிப்போயிருந்தது. ஆனால் செட்டிங்கில் போய் கேம் மோடைப் போட்டதும், விரல் திரும்பிய இடத்தில் கார் திரும்பியது. அடுத்தடுத்து மூன்று வளைவுகளை உரசாமல் கடந்தேன். மிக்ஸி பார்க்க வந்தவர்கள்கூட எனக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார்கள்.

"அரே வாஹ்! பையன் சொல்லிக் குடுத்தானா மேடம்?" என்றார் கடைக்காரர்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அந்த வார்த்தைக்காகத்தான் கணவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னால் முடியவில்லை. அந்தப் பையனுக்கு ஒரு நிமிடம் அம்மாவாக இருந்திருந்தால் அங்கேயே அழுதிருப்பேன்.

"பையன் இல்லீங்க. எங்களுக்குப் பிள்ளையே இல்ல. ஆடுறது நான்தான்."

கணவர் விறுவிறுவென்று போய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசலில் நின்றார். நான் கன்ட்ரோலரைக் கீழே வைத்தேன். நாலு பேர் முன்னால் அவரைத் தலைகுனிய வைத்துவிட்டேன் என்று வேதனையாக இருந்தது, கோபமும் போகவில்லை.

சின்ன டிவியையே எடுத்துக்கொள்கிறேன் என்றேன். கடைக்காரர் பில் புத்தகத்தைத் திறந்து, என்னை நேரே பார்க்காமல், "வாரன்டி கார்டு சார் பேர்லயே போட்டுரவா?" என்று மெதுவாகக் கேட்டார். எங்கள் வீட்டில் கேஸ் முதல் ஃப்ரிட்ஜ் வரை எல்லாம் கணவர் பேரில்தான். நான் தலையாட்டப் போனேன்.

"அவங்க பேர்ல போடுங்க" என்றார் கணவர் வாசலிலிருந்து. திரும்பவில்லை. ஆனால் கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "அவங்கதான் ஆடுறாங்க."