கோபமே வராத அறுபது வீடுகள்

என் நாத்தனாருக்கு வேலை, வீடு வீடாகப் போய் மனுஷர் மனசைக் கேட்டு எழுதி வருவது. கல்லூரியில் மனோதத்துவம் நடத்தும் பேராசிரியை அம்மா கேள்வித்தாள் கொடுப்பார். பத்து வீட்டுக்கு ஒரு வீடு என்று எண்ணிக் கதவைத் தட்ட வேண்டும். நாய் இருந்தாலும் அந்த வீடுதான். பக்கத்து வீட்டில் நல்ல டீ கிடைக்கும் என்று மாறக் கூடாது. அதில் அவள் தவறவே மாட்டாள். இரண்டு கடி வாங்கியிருக்கிறாள்.

இந்தத் தடவை கேள்வி ஒன்றுதான்: போன வாரம் வீட்டில் யார் மேல், எத்தனை தடவை கோபம் வந்தது? அறுபது வீடு கேட்டு வந்தாள். அறுபதிலும் பூஜ்யம். அறுபதாவது எங்கள் வீடு. என்னைக் கேட்கக்கூட இல்லை, “அண்ணிக்கு ஏது கோபம்” என்று அவளே போட்டுக்கொண்டாள்.

“மனுஷங்க இருக்கிற தெருவா, போட்டோ மாட்டின சுவரா?” என்று கேட்டாராம் அந்த அம்மா. வெள்ளிக்கிழமைக்குள் சரியாகக் கேட்டு வராவிட்டால் வேலைக்கு வேறு ஆளாம். பாவம், அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

நான் படித்தது நாலாம் வகுப்புதான். ஆனாலும் மறுநாள் துணைக்குப் போனேன். முதல் வீட்டிலேயே சங்கதி விளங்கிவிட்டது. மருமகள் வாசலில், மாமியார் கதவுக்குப் பின்னால், காதைத் தீட்டிக்கொண்டு. இவளோ ஊருக்கே கேட்கும் குரலில், முகமெல்லாம் சிரிப்பாக, “உங்களுக்கெல்லாம் கோபமே வராதுதானே?” என்கிறாள்.

“இப்படிக் கேட்டா சாமியே பூஜ்யம்னுதான் சொல்லும்” என்றேன்.

நான் போகும் பிரார்த்தனைக் கூட்டத்தில் வேண்டுதலைப் பேர் போடாமல் எழுதிப் பெட்டியில் போடுவோம். அதைச் சொன்னேன். பேராசிரியை அம்மாவும் போனில் சரி என்றார். செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு, அறுபது வீட்டுக்கும் மறுபடி நடந்தாள்.

கடைசியில் என்னிடமும் ஒரு தாள் நீட்டினாள். பொய் எழுதினால் அவள் வேலைக்கு ஆபத்து, மேலேயிருந்து பார்ப்பவனுக்கும் பதில் சொல்ல வேண்டும். எழுதினேன்: பதினொன்று. கணவர் மேல் இரண்டு, நாத்தனார் மேல் ஒன்பது.

வெள்ளிக்கிழமை அவள் குதித்துக்கொண்டு வந்தாள். வேலை நிலைத்துவிட்டது. பூஜ்யம் நாலே வீட்டில்தானாம்.

“ஒரு வீட்ல நாத்தனார் மேல மட்டும் ஒம்பது தடவையாம் அண்ணி. அவ எப்பேர்ப்பட்ட ராட்சசியோ, அந்த அண்ணிக்காக நீங்கதான் வேண்டிக்கணும்.”

முகம் துடைத்த ஈரத் துண்டை வழக்கம்போல என் கட்டில்மேல் எறிந்துகொண்டேதான் சொன்னாள்.

“வேண்டிக்கிட்டுதான் இருக்கேன்” என்று சொல்லி, துண்டை எடுத்துக் கொடியில் போட்டேன்.