இரத்தம் வந்த இடம்

ஆறாம் மாதத்தில் ஒரு காலை, தொட்டியடியில் உமிக்கரியால் பல் விளக்கித் துப்பியபோது கரியோடு சிவப்பும் விழுந்தது.

மாமியாரிடம் காட்டினேன். "மாசமா இருக்கையில ஈறு இளகும். அந்தப் பக்கம் கை வைக்காத" என்றார். இரத்தம் வந்த இடத்தை விட்டுவிட்டு மற்றப் பற்களை மட்டும் விளக்கினேன். பள்ளியில் படித்தவள்தான் நான். ஆனாலும் புண்ணைத் தொடக் கூடாது என்பது எனக்கும் நியாயமாகவே பட்டது.

பிரசவத்துக்குப் பின் விளக்குவதே நின்றது. எங்கள் குடும்பத்தில் பிள்ளை பெற்றவளுக்குத் தீட்டுக் கழியும்வரை பல்லில் கரி படக் கூடாது, பல் ஆட்டங்கொடுத்துவிடுமாம். வெந்நீரில் கொப்பளித்து, சாப்பிட்டபின் வெற்றிலை போட்டால் போதும் என்றார்கள். வாய் நாறியது. ஈறு வீங்கியது. வலிக்குப் புகையிலைத் துண்டை அடக்கிக்கொள்ளச் சொன்னார்கள். அதையும் செய்தேன்.

கீழ்வரிசை முன்பற்கள் இரண்டு, நாக்குப் பட்டாலே அசைந்தன. அழுத்தினால் சீழ் வந்தது. மகளுக்குக் கொடுக்கும் பாலில் அது கலக்குமோ என்ற பயம்தான் என்னை வாய் திறக்க வைத்தது. பதுளைக் கடைத்தெருவில் வீட்டோடு சேர்ந்த துணிக்கடை வைத்திருக்கும் என் கணவர், கடையைச் சாத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார்.

அங்கிருந்தவர் யாழ்ப்பாணத்து டாக்டர். "பயோரியா (ஈறு கெட்டுச் சீழ் வடிவது)" என்றார். "இரத்தம் வருகுது எண்டு விளக்காமல் விட்டனீரோ?"

"ஆமாங்க."

"முகத்தில சேறு பட்டால் கழுவாமல் விடுவீரோ? அழுக்குச் சேர்ந்துதான் இரத்தம் வருகுது, பிள்ளை. அந்த இடத்தைத்தான் முதல்ல துப்புரவாக்க வேணும்."

பாலுக்கு ஒன்றும் ஆகாது என்றார்.

"என் பல்லுங்க?"

"இந்த ரெண்டும் நிக்காது. பக்கத்தில உள்ளதுகள் உம்மட கையில."

குறடு பட்டதும் வலியைவிட, எத்தனை எளிதாக அவை வந்துவிட்டன என்பதுதான் உறுத்தியது.

வீட்டில் மாமியார் சிரித்தார். "ஒவ்வொரு புள்ளைக்கும் எனக்கு ஒண்ணு ரெண்டு போச்சு. நான் என்ன ஆஸ்பத்திரிக்கா ஓடினேன்?" இப்போது அவர் வாயில் ஒரு பல்லும் இல்லை; வெற்றிலையை இடித்துத்தான் போடுகிறார். தினமும் அதைப் பார்த்துக்கொண்டே அவர் சொன்னபடி நடந்தேன்.

கருவுற்றிருக்கும் சகோதரிகளே, ஈறில் இரத்தம் கண்டால் விட்டுவிடாதீர்கள். கரியைத் துணியில் சலித்து, விரலால் மெதுவாக, இரத்தம் வரும் இடத்தையும் சேர்த்துத் தேயுங்கள். படுக்குமுன் உப்புநீரில் கொப்பளியுங்கள். வெற்றிலை பல்லை விளக்காது. புகையிலையை ஈறில் வைக்கவே வேண்டாம். இவ்வளவுதான். இதை யாரும் எனக்கு முன்பே சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மகளுக்குக் கீழ் ஈறில் இரண்டு வெள்ளை முனைகள் தெரிகின்றன. எனக்கு வெற்றாய்க் கிடக்கும் அதே இடம். ஈரத்துணியால் துடைத்துவிடுகிறேன். "முளைக்கிறதுக்கு முந்தியே தேய்ச்சுக் கரைச்சிடாத, பெரிய டாக்டரம்மா" என்கிறார் மாமியார். நான் துடைப்பதை நிறுத்துவதில்லை.

முன்பு கடைக்கதவு திறக்கும் சத்தத்தோடு எனக்குப் பொழுது விடியும். இப்போது நாக்கு ஒவ்வொரு பல்லாகத் தள்ளிப் பார்த்து முடித்த பிறகுதான் விடிகிறது. எனக்கு இருபத்திரண்டு வயது. இன்று காலை பக்கத்துப் பல் அசைந்தது போலிருந்தது. நாக்குதான் அதிகம் அழுத்தியதோ என்னவோ. மறுபடி தொட்டுப் பார்க்கப் பயமாயிருக்கிறது. தொடாமல் இருக்கவும் முடியவில்லை.