மூன்றாவது கஸ்கெற்

வாகீசன் உடுப்பிட்டிக்காரர். கல்யாணம் செய்து கொக்குவிலுக்கு வந்து இருபத்திரண்டு வருடங்கள். வீடு, வளவு, கிணறு மூன்றும் மனைவி தயாளினியின் சீதனம். தன்னுடையது என்று அவர் சொல்லக்கூடியது வளவில் நிற்கும் பழைய வான் மட்டும்தான். அதில் பதினொரு பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி ஓடுகிறார். தயாளினி கூடப் போய் அவர்களை ஏற்றி இறக்குவார்.

வைகாசியில் வான் வெள்ளைப் புகை விட்டது. ஒயில் பார்க்கும் கம்பியை இழுத்தால் பால்தேநீர் நிறம். எஞ்சினுக்கும் அதன் தலைப்பகுதியான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் கஸ்கெற் எரிந்து, தண்ணீர் ஒயிலுக்குள் இறங்கியிருந்தது. மாமரத்தடியில் தானே கழற்றி, ஹெட்டை லேத் பட்டறையில் கொடுத்துச் சமப்படுத்தி, புதுக் கஸ்கெற் வைத்துப் பூட்டினார். ஐந்து வாரத்தில் அதுவும் எரிந்தது. அது ஒரு வியாழக்கிழமை. பிள்ளைகள் முக்கால் மணித்தியாலம் ரயில் கடவையடியில் நின்றார்கள்.

அன்றிரவே ஒரு பிள்ளையின் தாய் கீர்த்திகா போன் எடுத்தார்.

“அண்ணை, குறை நினையாதேங்கோ. திங்கட்கிழமை வான் வராட்டில் நாங்கள் கஜானன்ரை வானுக்கு மாறுறம். எல்லாத் தாய்மாரும் கதைச்சிட்டம்.”

சனிக்கிழமை காலை ஹெட் மறுபடியும் லேத்திலிருந்து வந்தது. தண்ணீர் அள்ள வந்த பக்கத்து வீட்டுச் சிவக்கொழுந்து வாளியோடு நின்று பார்த்தார்.

“என்ன தம்பி, நீர் தயாளினியைக் கட்டினீரோ, உந்த வானைக் கட்டினீரோ?”

“ரெண்டும் ஒண்டுதான் அக்கா. சூடாகும். ஏனெண்டு சொல்லாது.”

சொன்ன பிறகுதான் யோசித்தார். ஏன் சூடாகிறது? வியாழக்கிழமை கை வைத்தபோது, எஞ்சின் தண்ணீரைக் குளிர்விக்கும் றேடியேற்றரின் மேல்பாதி கொதித்தது, கீழ்ப்பாதி குளிர்ந்திருந்தது. அந்த ஆத்திரத்தில் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. இப்போது றேடியேற்றரைக் கழற்றி மேல்மூடியைத் திறந்தார். குழாய்கள் வெள்ளைக் கல்லால் அடைத்துக் கிடந்தன. வான் வாங்கிய எட்டு வருடமாக அதற்குள் ஊற்றியது வீட்டுக் கிணற்றுத் தண்ணீர்தான்.

அந்த வீட்டில் எதைப் பற்றியும் குறை சொல்லலாம், கிணற்றைத் தவிர. வெளிநாட்டிலிருந்து யார் வந்தாலும் தேநீருக்கு முன்னால் ஒரு செம்பு கிணற்றுத் தண்ணீர்.

“இஞ்சரும், கிணத்துத் தண்ணியிலை சுண்ணாம்பு கூட.”

“ஆர் சொன்னது?”

“வான் சொல்லுது.”

“எங்கடை அப்பா வெட்டின கிணறு. இந்த ஒழுங்கையே குடிக்குது. ஒருத்தருக்கும் ஒண்டும் அடைக்கேல்லை.”

கல்லை நீட்டினார். தயாளினி தொடாமல் பார்த்தார்.

“இது தேத்தண்ணிக் கேத்திலுக்குள்ளையும் பிடிக்கிறதுதானே. மாசத்துக்கு ஒருக்கா வினாகிரி ஊத்திச் சுரண்டுவன்.”

“எவ்வளவு காலமா?”

“கலியாணம் கட்டின நாள்தொட்டு.”

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“நீங்கள் எப்ப கேத்திலைப் பற்றிக் கேட்டனீங்கள்?”

வாகீசன் கை கழுவக் கிணற்றடிக்குப் போனார். திரும்பி வந்தபோது வினாகிரிப் போத்தல்கள் ஆறு வானடியில் இருந்தன.

மறுநாள் மத்தியானம்வரை றேடியேற்றரை வினாகிரியில் ஊறவைத்து, கழுவி, குத்தி, மீண்டும் கழுவினார். மூன்றாவது கஸ்கெற்றை வைத்து, போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக இறுக்கினார். இனிச் சுண்ணாம்பில்லாத தண்ணீர் வேண்டும். கடையில் பிளாஸ்ரிக் கானில் விற்பார்கள். சைக்கிளை எடுத்தார்.

“சந்திக் கடையிலை வாங்காதேங்கோ,” என்றார் தயாளினி. “இந்த வீட்டுக்குத் தண்ணி வாங்கினதெண்டு ஊரெல்லாம் கதைக்கும். தெல்லிப்பழைக்குப் போங்கோ.”

“இந்த வெயிலுக்கை? சைக்கிளிலை?”

“சாக்கைப் போட்டு மூடிக்கொண்டு வாங்கோ.”

போனார். வேறு வழி தெரியவில்லை. பொழுதுபட ஊற்றி, ஒரு மணித்தியாலம் எஞ்சினை ஓடவிட்டு றேடியேற்றரில் கை வைத்தார். மேலும் கீழும் ஒரே சூடு. வெள்ளைப் புகை இல்லை.

திங்கட்கிழமை காலை கீர்த்திகா பிள்ளையை வான் கதவடிக்குக் கொண்டுவந்தார். ஏற்றவில்லை.

“அண்ணை, என்னதான் பிழையாம்? கண்டுபிடிச்சியளோ?”

பின்னால் தயாளினி கதவைப் பிடித்தபடி நின்றார்.

“போனமுறை நான் பூட்டினது பிழை,” என்றார் வாகீசன். “எனக்குப் பூட்டத் தெரியேல்லை.”

கீர்த்திகா அவரை ஒருதரம் பார்த்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கித் தயாளினியிடம் கொடுத்தார்.