ஞாயிற்றுக்கிழமை பார்த்த பாதை

லூயிஷாமில் ஒரு தொடக்கப் பள்ளியின் சமையலறையில் டொலறஸ் பதினான்கு வருடங்களாக வேலை செய்கிறாள். முந்நூறு பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு. ஆனால் அவளைத் தெரிந்த தமிழ்ச் சனங்களுக்கு அவள் சமையல்காரி அல்ல, 'றூட் அக்கா'. தானாக ஒரு முழத் தூரம் சைக்கிள் ஓட்டத் தெரியாத அந்தப் பெண்தான், ஆறு ஆண்கள் சனிக்கிழமைகளில் எந்தத் தெருவால் ஓட வேண்டும், எந்தச் சந்தியில் இறங்கி உருட்ட வேண்டும் என்று தாளில் எழுதிக் கொடுப்பவள்.

அந்தக் காரியத்தை அவள் ஆசைப்பட்டுத் தொடங்கவில்லை. பயந்து தொடங்கினாள். கணவர் செபமாலைமுத்துவுக்கு ஐம்பத்தெட்டு வயது. சீனி வருத்தம் கூடியபோது டாக்டர் உடம்பை அசைக்கச் சொன்னார். முழங்கால் நடக்க விடாது என்று அவர் ஒரு பழைய சைக்கிளை வாங்கி வந்து நின்றார். மன்னாரில் வீட்டு முற்றத்தில் ஷெல் விழுந்த நாளிலிருந்து அவருக்கு இடது காது கேட்காது. அந்த மனிதர் லண்டன் தெருவில் சைக்கிள் ஓட்டப் போகிறார் என்று அறிந்ததுமே டொலறஸ் தடுத்துப் பார்த்தாள்.

தடுக்க முடியாது என்று தெரிந்ததும் அவள் பாதைகளைத் தேடத் தொடங்கினாள். வேலை முடிந்து வந்து தெருவரைபடங்களைப் பார்ப்பாள். சந்தேகம் தீராவிட்டால் பஸ் ஏறிப் போய் அந்தத் தெருவோரம் நின்று எத்தனை லொறி போகிறது என்று பார்த்துவிட்டு வருவாள். தாளில் ஒவ்வொரு தெருவுக்கும் எதிரே மூன்று சொற்களில் ஒன்று இருக்கும்: அமைதி, கவனம், இறங்கு. அவளோ அவள் நம்பும் ஒருவரோ கண்ணால் பார்க்காத தெருவுக்கு 'அமைதி' என்று அவள் எழுதியதே இல்லை. ஆறு வருடங்களில் ஒருவருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை.

போன மாரிகாலத்தில் அந்த ஆறு பேருக்கும் சுவிஸ் ஆசை வந்தது. வால்தம்ஸ்டோவில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் நித்தியானந்தன்தான் முதலில் வாயைத் திறந்தவர். அல்ப்ஸ் மலைப் பள்ளத்தாக்கு ஒன்றில் ஒரு கிழமை, ஆற்றங்கரைச் சின்ன வீதிகள், பசுமாடுகள், சனமில்லாத கிராமங்கள் என்று அடுக்கினார். டொலறஸ் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் செபமாலைமுத்து அவளருகே வந்து உட்கார்ந்து சொன்னார்.

"நீர் றூட் போட்டுத் தந்தால் போறன். நீர் ஏலாதெண்டால் நான் போகேல்லை."

முப்பது வருடத் தாம்பத்தியத்தில் இதைவிடப் பெரிய நம்பிக்கையை ஒரு மனைவிக்கு யார் தர முடியும்? அவள் உருகிப் போனாள். அந்தப் பள்ளத்தாக்கின் அடியிலுள்ள ஊரில் அவளுடைய சித்தப்பா மகன் அருட்பிரகாசம் இருபது வருடங்களாக இருக்கிறான். முதியோர் இல்லம் ஒன்றில் சமையல். அக்கா கேட்டதும் அவன் காரின் முன்கண்ணாடியில் போனைப் பொருத்தி, வீதி வீதியாக ஓடிப் படம் பிடித்து அனுப்பினான். பள்ளத்தாக்கின் மேலேயுள்ள ஏரிக்குப் போகும் இருபத்திநான்கு கிலோமீட்டர் வீதியில் மொத்தம் இரண்டு கார், ஒரு உழவு இயந்திரம். டொலறஸ் அதை மூன்று தரம் பார்த்தாள். அந்தக் கிழமையில் அவர்கள் சைக்கிள் ஓடும் நான்கு நாளுக்கும் நான்கு தாள் எழுதினாள். நான்கிலும் 'அமைதி'.

ஜூன் மாதத்துத் திங்கட்கிழமை அது. லண்டனில் காலை ஒன்பது இருபது, சுவிஸில் பத்து இருபது. டொலறஸ் கரட் வெட்டிக்கொண்டிருந்தாள். மேலங்கிப் பைக்குள் போன் அதிர்ந்தது. சமையலறையில் போன் எடுக்கக் கூடாது என்பது சட்டம். அருட்பிரகாசத்தின் பெயரைக் கண்டதும் குளிர்பெட்டி அறைக்குள் போய் எடுத்தாள்.

"அக்கா, அத்தான் ஆக்கள் வெளிக்கிட்டிட்டினமோ?"

"ஒன்பது மணிக்கே ஏரிப் பக்கம் வெளிக்கிட்டிட்டினம். ஏன் தம்பி?"

அவன் தடுமாறித் தடுமாறிச் சொன்னான். இல்லத்துக்குச் சீஸ் எடுத்து வர அவனை அன்று மேல்கிராமத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். அந்த ஏரி வீதியில் ஏறியவன் இரண்டு கிலோமீட்டரிலேயே திரும்பிவிட்டான். மேலே ஒரு கல் குவாரி இருக்கிறது. மூன்று நிமிடத்துக்கு ஒரு கல் லொறி ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஆறு. காருக்கே ஒதுங்க இடமில்லை.

"நான் அந்த ரோட்டாலை ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மட்டும்தான் அக்கா போறனான். படமும் ஞாயிறுதான் எடுத்தனான். ஞாயிறு இஞ்சை லொறி ஓட விடமாட்டாங்கள். அது எனக்கு மூளையிலை வரேல்லை."

அவளுக்கும் வரவில்லை. எந்த நாளில் எடுத்தாய் என்று அவள் ஒரு தரமாவது கேட்டாளா?

கணவருக்கு எடுத்தாள். அணைந்திருந்தது. நித்தியானந்தனுக்கு எடுத்தாள். அதுவும் அப்படித்தான். சுவிஸில் போனுக்குத் தனிக் காசு என்று, ஹோட்டலில் மட்டும் திறப்பதென ஆறு பேரும் பேசி வைத்திருந்தார்கள்.

அப்போதுதான் அந்த இரண்டாவது இடி இறங்கியது. லண்டனில் வாகனங்கள் இடப்பக்கம் போகும். முந்திப் போகிற வாகனம் செபமாலைமுத்துவின் வலப்பக்கத்தால், கேட்கும் காதுப் பக்கத்தால் வரும். சுவிஸில் வலப்பக்கம் ஓட வேண்டும். லொறி இடப்பக்கத்தால் வரும். செத்துப்போன காதின் பக்கத்தால்.

குளிர்பெட்டி அறையின் சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள். ஆறு வருடமாக அந்தக் காதுக்காகவே பாதை தேடியவள், இதை நினைக்காமல் விட்டாளே!

வேலைக்குத் திரும்பினாள். என்ன செய்ய முடியும்? அருள் நிறைந்த மரியே என்று தொடங்குவாள், பாதியில் லொறிச் சில்லு கண்ணுக்குள் சுழலும், மறுபடி தொடங்குவாள். என்ன முகம் இப்படி வெளிறிப்போச்சு என்று பக்கத்தில் நின்ற மேரிறோஸ் கேட்டாள். டொலறஸ் கரட் வெட்டிக்கொண்டே இருந்தாள். சொன்னால் அழுகை வரும். அழுதால் அது நடந்துவிட்டது போலாகிவிடும்.

பத்து இருபத்தைந்துக்கு மீண்டும் போன். தெரியாத சுவிஸ் நம்பர். பொலிஸ்தான் என்று நினைத்தாள். எடுக்காமல் விட்டால் அந்தச் செய்தி இன்னும் கொஞ்ச நேரம் பொய்யாக இருக்கும் என்று ஒரு பைத்தியக்கார எண்ணம் ஓடியது. விரல் தானாக அழுத்தியது.

"டொலறஸ், நான்தான்."

அவள் மாமூட்டையின் மேல் உட்கார்ந்தாள்.

ஒரு லொறி உரசினாற்போல் போன காற்றில் அவர் வீதியோரம் மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்திருந்தார். முழங்கையில் தோல் உரிந்தது, அவ்வளவுதான். சைக்கிளை உருட்டி வந்து ஒரு கோப்பிக்கடையில் நிற்கிறார். கடைக்காரப் பெண்ணின் போன் இது. மற்ற ஐவரும் வேகமாக ஓடி முன்னால் போய்விட்டார்கள்.

"அந்த ரோட்டுக்கு அமைதி எண்டு எழுதினது நான். பிழை என்ரை," என்றாள் டொலறஸ்.

"அதைப் பிறகு கதைப்பம். அவங்கள் ஏரியடியிலை சாப்பிட்டிட்டு ஒரு மணிக்கு இறங்குவாங்கள். என்னைக் காணேல்லையெண்டால் முந்தியே தேடி இறங்குவாங்கள். இறக்கத்திலை வேகமா வருவாங்கள், டொலறஸ்."

எங்கும் போகாதீர்கள் என்று சொல்ல வந்தவள் நிறுத்திக்கொண்டாள். அவரை அங்கேயே நிற்கச் சொன்னால் ஐந்து பேர் அந்த லொறிகளுக்குள் இறங்குவார்கள். ஐந்து பேருக்கும் வீட்டில் பெண்கள் இருக்கிறார்கள். ஒவ்வொருத்தியின் முகமும் அவளுக்குத் தெரியும்.

போனைக் கடைக்காரியிடம் கொடுக்கச் சொன்னாள். அந்தப் பெண்ணுக்கு ஆங்கிலம் கொஞ்சம் வந்தது. லொறி எப்போது நிற்கும் என்று டொலறஸ் மூன்று விதமாகக் கேட்டாள். பன்னிரண்டிலிருந்து ஒரு மணி வரை குவாரியில் எல்லோரும் சாப்பிடுவார்கள், அந்த நேரம் வீதி வெறுமையாக இருக்கும் என்றாள் அவள். இன்றும் அப்படியா, திங்கட்கிழமையிலும் அப்படியா என்று டொலறஸ் கேட்டாள். எல்லா வேலை நாளும் அப்படித்தான், அந்தச் சாரதிகளும் இங்கேதான் சாப்பிடுகிறார்கள் என்று பதில் வந்தது.

ஏரிவரை இன்னும் ஐந்து கிலோமீட்டர் ஏற்றம்; அவர்கள் இறங்கும் முன் அவர் போய் மறிக்க வேண்டும். ஒரு மணித்தியாலம். கடைசிச் சாரதி வந்து கதிரையில் உட்கார்ந்த பிறகே வெளிக்கிட வேண்டும் என்று அவரிடம் சொன்னாள். அவர் ஓம் என்றார். போனை வைத்தார்.

லண்டனில் பதினொரு மணிக்கு, சுவிஸில் பன்னிரண்டுக்கு அவர் புறப்படும் நேரத்தில், டொலறஸ் முதல் தட்டை அடுப்பிலிருந்து இறக்கினாள். பதினொன்று நாற்பதுக்குப் பிள்ளைகள் வரிசையில் வந்தார்கள். அவர் பாதித் தூரத்துக்கு மேல் ஏறியிருக்க வேண்டும். போன் அசையவில்லை. பயறு வேண்டாம் என்று ஒரு பெண் குழந்தை சொன்னது. அவள் இரண்டு கரண்டி பயறு போட்டாள். பதினொன்று ஐம்பத்தைந்து. இப்போது சாரதிகள் கோப்பியைக் குடித்து முடிப்பார்கள். பன்னிரண்டு, அங்கே ஒரு மணி. இப்போது லொறிகள் கிளம்பும். ஏற்றத்தில் மூச்சு வாங்கி, குனிந்து, செவிட்டுக் காதைத் தெருவுக்குக் காட்டியபடி ஒரு மனிதர். அந்தக் காட்சிக்கு மேலே அவளால் போக முடியவில்லை.

பன்னிரண்டு பத்துக்குப் போன் அதிர்ந்தது. நித்தியானந்தனின் நம்பர். கரண்டியை மேரிறோஸின் கையில் திணித்துவிட்டுக் குளிர்பெட்டி அறைக்கு ஓடினாள். ஏன் அவர் எடுக்கவில்லை, ஏன் நித்தியானந்தன்?

"றூட் அக்கா, உங்கடை ஆள் இப்பதான் வந்து விழுந்தவர். கடைசி வளைவிலை லொறி வந்திட்டுதாம், சுவரோடை பல்லி மாதிரி ஒட்டி நிண்டவராம். மோட்சத்துக்கெல்லோ நீங்கள் றூட் போட்டிருக்கிறியள்."

அவள் சிரிக்கவில்லை. எல்லோரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போடச் சொன்னாள்.

"நாலு தாளும் பிழை. நாலும் ஞாயிற்றுக்கிழமை பாத்து எழுதினது. மிச்சம் மூண்டையும் கிழிச்சுப் போடுங்கோ. நான் சரியாக் கேக்காமல் எழுதிப்போட்டன். என்னை மன்னியுங்கோ."

பிறகு நித்தியானந்தனின் குரல், பகிடி இல்லாமல்.

"அப்ப நாங்கள் கீழை என்னண்டு இறங்குறது?"

"பஸ்ஸிலை. சைக்கிள் ஏத்தாட்டில் அங்கையே பூட்டிப்போட்டு வாங்கோ. ஒருதரும் அதிலை ஏறக் கூடாது. எனக்கு நீங்கள் ஒவ்வொருதரா ஓம் சொல்லவேணும்."

முதல் ஓம் செபமாலைமுத்துவுடையது. இரண்டாவது வந்தது. மூன்றாவது, நான்காவது. ஐந்தாமவர் இவ்வளவு தூரம் ஏறி வந்தது வீணா என்று முணுமுணுத்துவிட்டுச் சொன்னார். சாப்பாட்டு மண்டபத்திலிருந்து மேரிறோஸ் அவளைக் கூப்பிட்டாள். டொலறஸ் கதவைச் சாத்தினாள்.

"நித்தி அண்ணை, உங்கடை குரல் வரேல்லை."

"வாறன் அக்கா, பஸ்ஸிலை வாறன்," என்றார் அவர்.

அதன் பிறகுதான் அவள் போனை வைத்தாள். அதன் பிறகுதான் அழுதாள்.